சாவி அக்காவிடமே இருக்கட்டும்

உத்திரமேரூர்
19 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வசந்த் எழுதுகிறேன். அம்மா, கீர்த்தி, பூஜா, நான் நாலு பேரும் சௌக்கியம். பொங்கலன்று அம்மா உனக்கும் ஒரு இலை போட்டுப் பரிமாறிவிட்டு, கடைசியில் அதையும் அவளே சாப்பிட்டாள். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? வெங்கடேசன் மாமா நலமா?

போனில் பேசினால் பத்தாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. போன மாதம் நீ கட் பண்ணிய வேகத்தில் எனக்குக் காது வலித்தது. அதனால்தான் மெயிலில் கடிதம். இதில் கத்த முடியாது பார்.

விஷயம் இதுதான். தீபாவளிக்கு முன்னால் அம்மாவின் போன் தண்ணீர் டிரம்மில் விழுந்ததே, அதோடு பூஜா பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை எடுத்த படமெல்லாம் போய்விட்டது. ஊரார் போனையெல்லாம் பிழைக்க வைக்கிற சர்வீஸ் கடைக்காரன் நான், நம் அம்மா போனைக் காப்பாற்ற முடியவில்லை. பெண்டாட்டி கீர்த்தி இன்னமும் சொல்லிக் காட்டுகிறாள். ரோஷம் வந்து, கடையில் கிடந்த பழைய லேப்டாப்பில் இரண்டு ஹார்ட் டிஸ்க் மாட்டி, இன்வெர்ட்டரில் கோர்த்து, நம் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். இனி நம் படங்கள் ஏதோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் கிடக்காது. அம்மாவின் புடவை அடுக்குக்குக் கீழே இருக்கும்.

எந்த மென்பொருளைப் போடுவது என்றுதான் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். முதலாவது வெறும் ஃபைல் அடுக்கு, அம்மாவால் அதில் ஒன்றையும் தேட முடியாது. இரண்டாவது முகத்தைப் பார்த்து ஆள் ஆளாகப் பிரித்து வைக்கும், வருஷ வாரியாகக் காட்டும், டிவியிலும் ஓடும். மூன்றாவது ரொம்பக் கறார். படம் உன் போனிலேயே பூட்டப்பட்டுத்தான் இங்கே வந்து சேரும். சாவி உன்னிடம் மட்டும். பெட்டி என் வீட்டில் இருந்தாலும் என்னால் திறக்க முடியாது. நீ சாவியைத் தொலைத்தால் படமும் போச்சு. அக்கா தம்பிக்குள் என்ன பூட்டு என்று இரண்டாவதையே போட்டுவிட்டேன்.

கீழே லிங்க் இருக்கிறது. உன் பெயரும் கடவுச்சொல்லும் போட்டு வைத்திருக்கிறேன். நீ அழுத்த வேண்டியது ஒரே பொத்தான். அதற்கப்புறம் நீ எடுக்கிற படமெல்லாம் தானாக வீட்டுக்கு வந்துவிடும்.

உன் தம்பி,
வசந்த்குமார்


மஸ்கட்
27 ஜனவரி 2025

அன்புத் தம்பி வசந்துக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. நான் நன்றாக இருக்கிறேன். மாமாவும் நலம், வண்டி ஓட்டம் அதிகம். நான் அபாயா அங்கி தைக்கிற கடையில் சீசன், உட்கார நேரமில்லை. முட்டி அப்படியேதான் இருக்கிறது, அதுவும் என்னை மாதிரி பிடிவாதம்.

பொத்தானை அழுத்திவிட்டேன். அழுத்தும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அம்மாவின் சொந்தத் தம்பி பச்சமுத்து மாமாவுக்கு என்னை நிச்சயம் பண்ணி, பத்திரிகையும் அடித்த பிறகு, கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது லாரி டிரைவரோடு வாலாஜாபாத்தில் ரயில் ஏறினவள் நான். ஏழு வருஷம் என் பெயரைக்கூடச் சொல்லாத வீடு. பெற்ற நைனா செத்ததே எனக்கு நாற்பது நாள் கழித்துத்தான் தெரியும். அந்த வீட்டு அலமாரியில் இன்றைக்கு எனக்கு ஒரு இடம் என்றால் சும்மாவா?

எனக்கு ஒன்று வேண்டும். நான் பத்தாவது பாஸானபோது நைனா நம்மை உத்திரமேரூர் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனாரே, அந்தப் படம். பக்கத்து வீட்டுச் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டார். நமக்குப் பின்னால் ஏதோ வெளிநாட்டுத் தோட்டம் வரைந்த திரை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நைனா தவித்ததைப் பார்த்து ஸ்டுடியோக்காரர், "யோவ், கைய பொண்ணு தோள்மேல வையேன், இன்னா வெக்கம்?" என்றார். வயசுக்கு வந்த பிறகு நைனா என்னைத் தொட்டது அன்றைக்குத்தான். நாள் முழுக்க வரப்பு வெட்டுகிற கை, என் தோளில் பட்டும் படாமலும் இருந்தது. நைனாவும் நானும் சேர்ந்து இருக்கிற ஒரே படம் அதுதான். அதை உன் பெட்டியில் ஏற்று.

அக்கா,
செவ்வந்தி


உத்திரமேரூர்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகம். பூஜாவுக்கு மட்டும் சளி. கஷாயம் கொடுத்தால் ஊரைக் கூட்டுகிறாள்.

உன் போனிலிருந்து நாலாயிரத்துக்கு மேல் படம் வந்து சேர்ந்திருக்கிறது. அம்மா ஒரு தட்டில் முறுக்கை வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள் என்றால் எழுந்திருப்பதே இல்லை. நீ கட்டியிருக்கிற புடவைக்கெல்லாம் விலை கேட்கிறாள். நேற்று உப்பும் மிளகாயும் எடுத்து அலமாரியையே மூன்று சுற்று சுற்றி அடுப்பில் போட்டாள். "அத்தினி பேர் மூஞ்சியும் அதுக்குள்ளதான கீது, கண்ணு படாதா?" என்கிறாள்.

முகம் பிரிப்பதில் ஒரு கூத்து. உன் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் படத்தையும் பூஜாவின் பள்ளிக்கூடப் படத்தையும் பக்கத்தில் வைத்து, 'இவர்கள் இருவரும் ஒருவரா?' என்று மென்பொருள் கேட்கிறது. நான் இல்லை என்று போடப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆமான்னு சொல்லுடா, அதுக்குத் தெரியுது உனக்குத் தெரியல" என்றாள்.

மாமாவின் முகத்துக்கு ஒரு தனி அடுக்கு இருக்கிறது. அதில் அக்டோபருக்கு அப்புறம் ஒரு படமும் இல்லையே? வேலை அவ்வளவு அதிகமா?

ஸ்டுடியோ படம் ஆல்பத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரித்தால் கிழிந்துவிடும். பார்க்கிறேன்.

வசந்த்


மஸ்கட்
2 மார்ச் 2025

அன்புத் தம்பி,

குழந்தைக்குச் சளி விட்டதா? கற்பூரவள்ளி இலையை வாட்டிப் பிழிந்து கொடுக்கச் சொல்.

மாமாதானே? போட்டோ என்றாலே ஓடுகிற ஆள், உனக்குத் தெரியாதா? கம்பெனி வண்டியோடு சலாலா பக்கம் போயிருக்கிறார். அதே வீடு, அதே வேலை, எல்லாம் அப்படியேதான். நீ துருவித் துருவிக் கேட்காதே. என்னைக் கட்ட வந்த மாப்பிள்ளை மாதிரி கேட்கிறாய்.

ஒட்டிக்கொண்டிருந்தால் ஆல்பத்தோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பிரிக்கவே வேண்டாம். இவ்வளவு பெரிய பெட்டி செய்தவனுக்கு இது தெரியாதா? தயவுசெய்து அனுப்புடா.

செவ்வந்தி


உத்திரமேரூர்
23 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

வெயில் இப்போதே கொளுத்துகிறது. அம்மா மோர் கரைத்து வைத்துக்கொண்டு போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிறாள்.

நீ சாயங்காலம் வெறும் டீயைக் குடித்துவிட்டுப் படுக்காதே. சுடச்சுட ஏதாவது சாப்பிடு. முட்டி வலியோடு அந்த மேல் கட்டிலில் ஏறி இறங்குவதை முதலில் நிறுத்து. ஏணியில் ஒரு படி உடைந்திருந்தால் வழுக்கத்தான் செய்யும். கீழ்க் கட்டில் கேட்டு வாங்கு. கேட்பதில் தப்பில்லை.

ஸ்டுடியோ படத்தை இன்னும் எடுக்கவில்லை. கடையில் வேலை அதிகம்.

வசந்த்


மஸ்கட்
24 மார்ச் 2025

வசந்த்,

மேல் கட்டிலைப் பற்றி உன்னிடம் நான் சொல்லவே இல்லை.

உடைந்த ஏணியைப் படம் எடுத்தது கட்டடத்துக்காரரிடம் காட்டுவதற்கு. உனக்கு இல்லை. தானாக வீட்டுக்கு வந்துவிடும் என்று எழுதினாய். வந்ததையெல்லாம் நீ உட்கார்ந்து பார்ப்பாய் என்று எழுதவில்லையே.

அம்மாவுக்குத் தெரியுமா? புள்ளலூரில் இருந்துகொண்டு ஒவ்வொரு கல்யாணத்திலும், "ஓடிப்போனவ எப்டி கீறா?" என்று கேட்கிறாரே பச்சமுத்து மாமா, அவருக்கும் டிவியில் போட்டுக் காட்டிவிட்டாயா? நான் இங்கேயே செத்தாலும் சாவேன். அவர் சிரிப்பைக் கேட்க அந்த வாசலில் வந்து நிற்கமாட்டேன்.

பொத்தானை அணைத்துவிட்டேன்.


உத்திரமேரூர்
30 மார்ச் 2025

அக்கா,

முதல் தடவை பார்த்தது, ஃபைல் முழுசாக வந்திருக்கிறதா என்று சரிபார்ப்பதற்காக. அது என் வேலை. இரும்புக் கட்டில் ஆறும், உன் புடவைகள் ஒரு பெட்டிக்குள்ளும் கண்ணில் பட்டன. அடுத்த நாள் பார்த்தது அதற்காக இல்லை. அதற்கப்புறம் தினமும் பார்த்தேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர், மாமா இல்லை. நேராகக் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. திருடன் மாதிரி பார்த்துவிட்டு டாக்டர் மாதிரி அறிவுரை எழுதினேன். தப்பு என்னுடையது.

அம்மாவுக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அந்தப் படங்களை டிவிக்குப் போகாமல் ஒதுக்கிவைத்தேன். பச்சமுத்து மாமாவுக்கும் யாருக்கும் தெரியாது.

உன்னுடையதை நான் பார்த்துவிட்டேன், என்னுடையதை நீயும் பார்க்க வேண்டும். ஸ்டுடியோ படம் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டெல்லாம் இல்லை. நீ போன அன்றைக்குக் கல்யாணப் பத்திரிகைக் கட்டை அம்மா அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பதினாறு வயது. கத்தரிக்கோலை எடுத்து அந்தப் படத்தில் உன்னை மட்டும் வெட்டி எடுத்துக் கிணற்றில் போட்டேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் செய்தேன். அன்றைக்கு எல்லோரும் என் தோளைத் தட்டினார்கள். நைனா மட்டும் தட்டவில்லை. மிச்சப் படத்தில் நைனாவின் வலது கை மணிக்கட்டோடு நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் கையைத்தான் வெட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

இதனால்தான் அனுப்பவில்லை.

வசந்த்


உத்திரமேரூர்
11 மே 2025

அக்கா,

சுகமா? ஒரு வார்த்தை எழுது. திட்டியாவது எழுது.

வசந்த்


மஸ்கட்
8 ஜூன் 2025

வசந்துக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுத மனசில்லாமல் இருந்தேன்.

உன் கடிதத்தைப் படித்த அன்றைக்குக் கடையில் ஒரு துணியை அளவு தப்பி வெட்டிவிட்டேன். பதினைந்து வருஷத்தில் முதல் தடவை. கத்தரியைப் பிடித்தாலே உன் ஞாபகம். நைனாவோடு இருந்த ஒரே படம்டா அது. அதை எனக்குத் திருப்பித் தர உன்னால் முடியாது, என்னாலும் மறக்க முடியாது. ஆனால் பதினாறு வயசுப் பையனை எத்தனை நாள் திட்டுவது? எனக்குக் கோபம் எல்லாம் முப்பத்தைந்து வயசுக்காரன்மேல்தான். இரண்டு மாசமாக, 'பார்க்கிறேன், வேலை அதிகம்' என்று கதை விட்டாயே, அதற்குத்தான்.

நானும் கதைதான் விட்டேன். இப்போது நேராகச் சொல்கிறேன். மாமா சலாலாவுக்குப் போனது வண்டிக்காக இல்லை. அங்கே அவருக்கு வேறு ஒரு குடும்பம். அக்டோபரில் சட்டையெல்லாம் மடித்து எடுத்துக்கொண்டு, "நீ நல்லவதான், ஆனா எனக்கு முடியல" என்று சொல்லிவிட்டுப் போனார். நமக்குக் குழந்தை இல்லையே என்று நான் பதினெட்டு வருஷம் அழுதபோதெல்லாம், இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன என்று தேற்றியவர். வாடகை வீட்டை விட்டு நவம்பரில் இந்த அறைக்கு வந்தேன். அறையில் இருக்கிறவர்கள் நல்ல பெண்கள். எனக்கு அவமானம் அவர்களிடம் இல்லை. நம் ஊரில்தான். ஆசைப்பட்டுப் போனவளுக்கு அழுதுகொண்டு திரும்பி வர வழி கிடையாது.

ஓட்டையோடு இருந்தாலும் பரவாயில்லை, அந்தப் படத்தை அனுப்பு. அந்தக் கை எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும்.

செவ்வந்தி


உத்திரமேரூர்
29 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைக் கடையில் ஷட்டரை இறக்கிவிட்டுப் படித்தேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. ஆனால் மாமாவை இனி மாமா என்று எழுதமாட்டேன்.

படம் இத்துடன் இருக்கிறது.

இந்த மூன்று வாரமும் ஒரு வேலை செய்தேன். பழைய மென்பொருளை எடுத்துவிட்டு, அந்தக் கறாரான மூன்றாவதைப் போட்டேன். வீட்டுப் படங்களை ஒவ்வொன்றாக மாற்றினேன். உன் போனிலிருந்து வந்ததை ஒரு ஃபைல் விடாமல் இரண்டு டிஸ்க்கிலிருந்தும் அழித்தேன். அம்மாவுக்குப் பயங்கரக் கோபம். "நல்லா ஓடிக்கினு இருந்தத ஏன்டா நோண்டற?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அவளிடம் காரணம் சொல்லவில்லை.

இதில் சேரும்போது உனக்கு இருபத்து நாலு சொல் காட்டும். அதுதான் சாவி. காகிதத்தில் எழுதி உன் பெட்டிக்குள் வை. எனக்கு அனுப்பாதே. நான் கெஞ்சிக் கேட்டாலும் அனுப்பாதே. உன் படங்கள் இங்கே புடவைக்குக் கீழேயே பத்திரமாக இருக்கும், ஆனால் எனக்கு அவை வெறும் பூட்டிய கட்டுகள். என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நீ காட்டினால்தான் தெரியும்.

'வூடு' என்று ஒரு பொது ஆல்பம் திறந்திருக்கிறேன். அதில் எதைப் போடுகிறாயோ அது மட்டும் டிவியில் வரும். போடாவிட்டாலும் குற்றமில்லை. சேர்வதும் சேராததும் உன் இஷ்டம்.

வசந்த்


மஸ்கட்
20 ஜூலை 2025

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகமா? ஆடி பிறந்துவிட்டது, காற்று ஆரம்பித்திருக்கும்.

சேர்ந்துவிட்டேன். இருபத்து நாலு சொல்லையும் எழுதி வைத்துவிட்டேன். நைனாவின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரவல் சட்டையில் மேல் பட்டன் இல்லை, உனக்குத் தெரியுமா? நான் மறந்தே போயிருந்தேன்.

நம் அம்மன் கோயிலில் கூழ் வார்ப்பது மூன்றாவது ஞாயிறுதானே? அன்றைக்கு மத்தியானம் சொந்தக்காரர்கள் எல்லோரும் நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். புள்ளலூரிலிருந்தும் வருவார்கள். ஒவ்வொருவருக்காகப் போன் பண்ணிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஒருத்தர் சொல்லி ஒருத்தர் கேட்டு, நடுவில் நாலு வார்த்தை சேர்ந்து பரவவும் வேண்டாம். அன்றைக்கு ஒரு மணிக்கு டிவியைப் போட்டு வை. ஒரு படம் வரும். நீ எதையும் விளக்காதே. யாரையும் சமாதானப்படுத்தாதே. நடந்ததை நடந்தபடி எனக்கு எழுது. என் மனசு நோகும் என்று ஒன்றையும் மறைக்காதே.

அதைப் படித்துவிட்டுத்தான் நான் வருவதா இல்லையா என்று முடிவு பண்ணுவேன்.

செவ்வந்தி


உத்திரமேரூர்
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கூடத்தில் பதினாறு பேர் இருந்தார்கள். எல்லோர் கையிலும் கூழ். பச்சமுத்து மாமாவுக்குச் சின்ன வெங்காயம் உரித்து அம்மாவே கொண்டுவந்து வைத்தாள். ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் கழித்து உன் படம் வந்தது. மேல் கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறாய். தலை கூரையில் இடிக்கிறது. நீ சிரிப்பாய் என்று நினைத்தேன், நீ சிரிக்கவில்லை. கீழே நீ எழுதியிருந்ததைப் பூஜா எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள். "ஒன்பது மாதமாக நான் இங்கேதான். தனியாக." ஏழு வயசுக் குழந்தை, பரீட்சையில் படிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்துவிட்டு, சரியா என்று என்னைப் பார்த்தது.

அப்புறம் பச்சமுத்து மாமா சிரித்தார், அக்கா. மறைக்காதே என்றாய், மறைக்கவில்லை. பெரிய சிரிப்பு இல்லை. மூக்கால் ஒரு சிரிப்பு. "அன்னிக்கே சொன்னேன், இன்னா ஆச்சி பாத்தியா?" என்றார்.

அம்மா கூழ் அகப்பையைக் குண்டானில் போட்டாள். அந்தச் சத்தத்துக்குப் பூஜா என் மடியில் ஏறிக்கொண்டாள். "பச்சமுத்து, குடிச்சிட்டு எய்ந்து போ. எம்பொண்ணு வர்ற வூடு இது. இனிமே இந்த வூட்ல அவளப் பத்தி சிரிக்கறவன் என் தம்பியா இருந்தாலும் வாசப்படி ஏறக் கூடாது" என்றாள். கத்தவில்லை. பத்தொன்பது வருஷமாகத் தன் தம்பி முன்னால் தலை குனிந்தே உட்கார்ந்தவள், அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

மாமா எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழவில்லை. கூழை முழுசாகக் குடித்தார். சொம்பைக் கவிழ்த்து வைத்தார். போகும்போது வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, என்னைப் பார்க்காமல், "எப்ப வர்றாளாம்?" என்றார். தெரியாது என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் மனசில் என்ன என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்த மாதிரி எழுதவும் மாட்டேன்.

எல்லோரும் போன பிறகு அம்மா டிவி கிட்டப் போய் நின்றாள். கையை நீட்டி உன் முட்டியைத் தடவினாள். எனக்குத் தெரிந்தும் மறைத்தேன் என்று அவளிடம் ஒப்புக்கொண்டேன். "உன்ன அப்புறம் வெச்சிக்கிறேன்" என்றாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் சொல்வதை அப்படியே எழுது, ஒரு வார்த்தையும் மாற்றாதே என்றாள். எழுதுகிறேன்:

"செவ்வந்தி, அம்மா சொல்றேன். நீ வந்தா உன்ன யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நான் மட்டும் ஒண்ணே ஒண்ணு கேப்பேன். ஒம்போது மாசமா ஏன்டி எங்கிட்ட சொல்லல? கேட்டுட்டு அதோட உட்டுடுவேன். நீ பதில் சொல்ல வாணாம். நீ பேசாம நின்னாலே, தப்பு எம்மேலதான்னு எனக்குப் புரிஞ்சிடும். வந்துடு."

உன் தம்பி,
வசந்த்